வஞ்சிரத்தைக் கல்லாக்கிய ஃப்ரீசர்

மீன் கடையில் வேலை பார்த்த பெரிய ஃப்ரீசரை டெரன்ஸ் வீட்டுக்கு வாங்கி வந்தார். பீரைக் குளிரவைத்துக் குழாயில் பிடித்துக் குடிக்க ஆசை. மூடிக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, அதில் குழாய் பொருத்தி, உள்ளே பீர் பீப்பாயை இறக்கினார். குளிர் மிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன தெர்மோஸ்டாட்டையும் மாட்டினார்.

"போதுமான குளிர் வந்தாச்சு. நிறுத்திக்கலாம் அண்ணே," என்றது தெர்மோஸ்டாட்.

"வஞ்சிரத்தையே கல்லாக்கினவன் நான். பாதியில நிறுத்தினா என் பேர் என்ன ஆகும்? இன்னைக்கு ஒரு நாள் கண்டுக்காம இரு," என்றது ஃப்ரீசர்.

பெரியவர் கேட்கிறாரே என்று தெர்மோஸ்டாட் குளிரை நிறுத்தாமல் விட்டுவிட்டது.

மறுநாள் மாலை டெரன்ஸின் நண்பர்கள் கோப்பைகளோடு சுற்றி நின்றார்கள். குழாயைத் திருப்பினால் ஒரு சொட்டும் வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த பீர் மொத்தமும் உறைந்து, பீப்பாய் உப்பிப்போயிருந்தது. ஃப்ரீசர் பாராட்டுக்காகக் காத்திருந்தது. நண்பர்கள் டீ குடிக்கக் கிளம்பிப் போனார்கள்.

"இதுதான் சரியில்லை," என்று டெரன்ஸ் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். அது அண்ணனைப் பார்த்தது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. டெரன்ஸ் அதைக் குப்பைக்கூடையில் போட்டார்.

அடுத்த வாரம் புது தெர்மோஸ்டாட் வந்தது. ஃப்ரீசர் அதை அன்போடு வரவேற்றது.

"உனக்கு முன்னாடி இருந்தவனுக்கு வேலையே தெரியாது. நீயாவது நான் சொல்றபடி நடந்துக்கோ."