கடைசித் தையல்

ஊசி கால்மாட்டில் தொடங்கியது.

கனத்த துணியில் நூல் சரக், சரக்கென்று இழுபடும் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. கப்பலில் செத்தவனை அவன் படுத்த தூளித்துணியிலேயே வைத்துத் தைப்பார்கள். காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டுகளைப் போட்டுக் கடலில் இறக்குவார்கள்.

தைக்கப்படுவது தாம்தான் என்று புரிய நேரமாகவில்லை.

கத்தினார். வாய் திறக்கவில்லை.

விரலை அசைத்தார். முந்நூறு பேர் அவர் சொல்லுக்கு ஓடுவார்கள். சொந்த விரல் கேட்கவில்லை.

வாந்திபேதி அவரைப் பிழிந்து போட்டிருந்தது. மூச்சு உள்ளே எங்கோ நூலிழையாக ஓடிக்கொண்டிருந்தது. நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒரே மருத்துவரைத்தான் முந்தாநாளே கடலில் இறக்கியாகிவிட்டதே.

ஆனால் கடைசித் தையல் இருக்கிறது.

அதை மூக்கில் குத்தித்தான் வாங்குவார்கள். பழைய வழக்கம். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குத்தில் உடம்பு துள்ளிவிடும்.

குத்தட்டும். எலும்புவரை குத்தட்டும்.

ஊசி முழங்காலைத் தாண்டியது.

பதின்மூன்று வயதில் கப்பலேறியவர். முதல் பயணத்திலேயே உயிர்த்தோழன் காய்ச்சலில் போனான். அவன் மூக்கில் ஊசி இறங்குவதைப் பார்த்தபின் பல நாள் அவருக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. பர்மாச் சண்டையில் இரண்டு விரல்களைக் கொடுத்தார். தமிழ்க் கரையோரம் ஓடி ஓடியே அந்த மொழி பழகிப்போனது. ஒருவழியாகக் கேப்டனானார். ஆனதும் போட்ட முதல் உத்தரவு...

ஊசி மார்புக்கு வந்தது.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

என் கப்பலில் இனி எந்தப் பிணத்தின் மூக்கிலும் ஊசி படக்கூடாது.

அன்று கப்பலே அவரைக் கொண்டாடியது. கப்பல் பாய் தைக்கும் நாகூர் சேகு நயினா மட்டும், "அதுல ஒரு காரியம் இருக்குங்க தொரை" என்று இழுத்தார். காட்டுமிராண்டித்தனம் என்று ஒரே சொல்லில் கேப்டன் அவர் வாயை அடைத்தார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். நல்ல வினையுமா சுடும்?

துணி முகத்தை மூடியது. வெற்றிலை வாசனை. அதே சேகு நயினாதான்.

துணியைப் பிடித்திருந்த மாலுமி லூர்து மெதுவாகக் கேட்டான்.

"சேகு நானா, மூக்குல ஒரு குத்து குத்திப் பாத்துருவமே?"

குத்தச் சொல், லூர்து. விடாதே. குத்தச் சொல்.

சேகு நயினா மூக்கை உறிஞ்சினார். அழுதிருக்கிறார்.

"வேணாம்டா. நாம செத்தா நம்ம மய்யித்துக்குக்கூட அந்த அவமானம் வேணாம்னு சொன்ன மனுசன். அவரு சொன்ன சொல்ல அவருக்கே மீறுறதா?"

துணிக்கு மேலே ஒரு கை வந்தது. அவர் மூக்கில் படாமல், பதமாக, சுருக்கத்தை நீவிவிட்டது.

பிறகு, பல்லால் நூலைக் கடிக்கும் சத்தம்.