குரல் கொடுத்தால் குனிய வேண்டும்

விளக்கை இடம் மாற்றிவிட்டார்கள்.

உதைக்க வேண்டியவன் அதை அப்போதுதான் கவனித்தான்.

காலையிலிருந்து ஒத்திகை ஒழுங்காக நடந்ததே அந்த விளக்கால்தான். அவன் ஓடி வந்து எகிறும்போது நிழல் எதிர்ச்சுவரில் விழும். முன்னால் நிற்கும் ஆ கின் என்ற நண்பன் அந்த நிழலைப் பார்த்துத்தான் குனிந்துகொண்டிருந்தான்.

குரலைக் கேட்டுக் குனிகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஹாங்காங்கில் அப்போது படமெடுக்கும்போது ஒலிப்பதிவு கிடையாது. பேச்சு, அடி, உதை எல்லாச் சத்தமும் பிறகுதான் சேர்ப்பார்கள். அதனால் படப்பிடிப்பில் தொண்டை கிழியக் கத்தலாம். உதைக்கிறவன் பின்னாலிருந்து ‘ஹோய்!’ என்பான். முன்னால் நிற்பவன் குனிவான். சண்டைக்காரர்களுக்குள் அதுதான் வழக்கம்.

காட்சி இதுதான். தேநீர்க் கடையில் ஆ கின்னின் கொழுக்கட்டை சாப்பாட்டுக் குச்சிகளிலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. எடுக்கக் குனிகிறான். எதிரியின் உதை தலைக்கு மேலே போகிறது. அப்படி ஒருவன் வந்ததே அவனுக்குத் தெரியாது. தியேட்டர் சிரிக்க வேண்டும்.

உதை நிஜமாக இருக்க வேண்டும். சண்டை மாஸ்டருக்குப் பொய் உதை ஆகாது.

போன படத்தில் மாடியிலிருந்து விழுந்தபோது ஆ கின்னுக்கு ஒரு காது போனது. இரண்டு மாதமாக இன்னொன்றும் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துச் சமாளித்துவந்தான்.

“மாஸ்டர்கிட்ட சொல்லிடாதடா. சீட்டைக் கிழிச்சிடுவாரு.”

அவன் சொல்லவில்லை. நாடகப் பள்ளியில் ஒரே பாயில் படுத்து, ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். எப்படிச் சொல்வான்?

ஆ கின் மேக்கப் போட்டுக்கொண்டு வந்து, நேரே சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். விளக்கைக் கவனிக்கவேயில்லை.

அவன் ஆ கின்னை நோக்கி இரண்டு அடி வைத்தான்.

“எங்கடா கிளம்பிட்ட? உன் இடத்துக்குப் போ!” என்றார் மாஸ்டர்.

வாயைத் திறந்தால் ஆ கின்னின் வேலை போகும். திறக்காவிட்டால் கழுத்து. தன் இடத்துக்குப் போனான்.

கிளாப் கட்டை அடித்ததை ஆ கின் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

அவன் ஓடினான். கத்தினான். தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படிக் கத்தினான்.

கொழுக்கட்டை விழுந்தது.

ஆ கின் நின்றான். குச்சிகளை நீட்டியபடி, சுவரைப் பார்த்தபடி நின்றான். சுவரில் ஒன்றுமில்லை.

கால் காற்றில் இருந்தது. எதிரே பிடரி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆ கின்னின் மகள் ஏறி உட்காருகிற பிடரி.

அந்தரத்திலேயே உடம்பை முறுக்கினான். தூணில் மோதி, பெஞ்சில் விழுந்து, பெஞ்சோடு கவிழ்ந்தான். முழங்கையில் ஏதோ நொறுங்கியது.

அரங்கமே கொல்லென்று சிரித்தது.

“பிரமாதம்!” மாஸ்டர் தொடையைத் தட்டினார். “இதையே வச்சுக்கலாம்!”

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. இரண்டு பேருமே தப்பித்தோம். கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படுத்தபடியே அவனும் சிரித்தான்.

ஆ கின் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொறுத்துப் பார்த்தான். பிறகு தானாகவே திரும்பினான். தரையில் கிடப்பவனைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன்டா, குரலே குடுக்காம எகிறிட்ட?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவர் மாஸ்டர்.