கம்பி சொன்ன காற்று

ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையின் கூரையில் மெல்லிய கம்பி ஒன்று காற்றின் வேகத்தை அளந்துவந்தது. எப்போதும் சூடாக இருக்கும் அதன் உடம்பு காற்று பட்டால் ஆறும். எவ்வளவு ஆறுகிறதோ அவ்வளவு வேகம் என்று விசிறியிடம் சொல்லும். காற்று குறைந்தால் விசிறி வேகமாகச் சுழலும், கூடினால் நின்றுகொள்ளும்.

ஒருநாள் பெருமழை பெய்து கொட்டகைக்குள் குளிர் புகுந்தது. கம்பி சட்டென்று ஆறிப்போனது.

“காத்து பலமா வீசுது. நீ நின்னுக்கோ,” என்றது. விசிறி நின்றது.

கொஞ்ச நேரத்தில் செவலைக் கோழி கீழேயிருந்து கத்தியது. “அண்ணே, இங்கே காத்தே இல்லை. எச்ச நெடி ஏறுது. பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது!”

“நானே நடுங்கிக்கிட்டு இருக்கேன், காத்து இல்லைங்கிறியே. காத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்றது கம்பி.

கோழி குஞ்சுகளுக்குச் சிறகால் விசிறிக்கொண்டே இருந்தது.

மழை விட்டு வெயில் வந்து, உடம்பில் பழைய சூடு ஏறியபோதுதான், தன்னை ஆற்றியது காற்றல்ல, வெறும் குளிர் என்று கம்பிக்குப் புரிந்தது. “சுத்து, சுத்து!” என்று அலறியது. விசிறி முழு வேகத்தில் சுழன்றது. இரண்டு குஞ்சுகள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மழையில் கம்பி விசிறியிடம் எதுவும் சொல்லாமல் கீழே பார்த்தது. “தங்கச்சி, அங்கே காத்து வருதா?” என்று கேட்டது.

கோழி மிச்சமிருந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு காற்று நுழையும் கதவிடுக்கின் ஓரம் போய் உட்கார்ந்தது.