ஒரு பாட்டு இறங்கும் நேரம்

"இன்னும் பாதிகூட இறங்கலையா? அக்கரப்பத்தனை பஸ்ஸு போயிருமே!" என்று பதறினாள் வினோதா.

கம்பியூட்டர் திரையில் பச்சைக் கோடு ஆமையாக நகர்ந்தது. "மழை பேஞ்சா ஹட்டன்ல லைன் இப்படித்தாங்க" என்றான் தனுஷன். முகத்தில் கவலை, மனசுக்குள் கும்மாளம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சின்னராசா முதலாளியின் கம்யூனிகேஷன் கடையை அவன்தான் பார்த்துக்கொண்டான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைக் கவனிக்கும் வினோதா, ஞாயிறுதோறும் வந்து ஒரே ஒரு பாட்டை சிடியில் பதிந்து வாங்கிப்போவாள். ஒரு பாட்டு இறங்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் தனுஷன் வாரம் முழுக்கக் கடை திறந்தான்.

"கேசட்டுன்னா நாடா சிக்கிக்கும். கொழும்புக்குப் போற ஆளுக்கிட்ட கெஞ்சணும். இதுல பாருங்க, புடிச்ச பாட்டு மட்டும் நம்ம வாசலுக்கே வருது!" என்று அவன் இன்டர்நெட்டின் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது வாடிக்கையாளர் முத்துலிங்கம் குடையோடு நுழைந்தார்.

"தம்பி, கொழும்புக்கு ஒரு கோல் எடுக்கணும்."

கடையில் போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் இருந்தது ஒரே லைன். போன் பேசினால் பாட்டு அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் அவரைக் காத்திருக்கச் சொல்லியிருப்பான்.

"தாராளமா பேசுங்கண்ணே!" என்று ரிசீவரை எடுத்துக் கையிலேயே கொடுத்தான். வினோதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவளைச் சமாதானப்படுத்தப் பேச்சை மாற்றினான். "போன வாரச் சிடி எப்படிங்க?"

"அம்மாவுக்கு அதுன்னா உசுரு. லயத்து வீட்டுக்குப் பின்னால எங்க போஞ்சிக்கொடிப் பாத்திப் பக்கம் இப்ப ஒரு குருவி எட்டிப் பாக்குறதில்ல!"

அவ்வளவு சத்தமாகவா பாட்டுப் போடுகிறார்கள் என்று அசந்துபோனான் தனுஷன். வருங்கால மாமியார் இசைப் பிரியை என்பதில் சந்தோஷமும் பட்டுக்கொண்டான்.

மறு வாரமே அவன் வாயில் மண் விழுந்தது. முதலாளி வேகமான புது லைன் எடுத்துவிட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பாட்டு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வினோதா நனைந்தபடி வந்தாள். அவளைச் சும்மா அலையவிடுவது பாவம் என்று தனுஷனின் பாழாய்ப்போன நல்ல மனசு சொன்னது. ஒரு சிடி நிறையப் பாட்டுகளைப் பதிந்து நீட்டினான்.

"ஒரு வருஷத்துக்குத் தாங்குங்க. இனிமே இந்த மழையில இவ்வளவு தூரம் வர வேணாம்."

வினோதா சிடியை வாங்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"ஒரு பாட்டு போதும். மத்ததை அடுத்தடுத்த வாரம் போட்டுக் குடுங்க."

"ஏங்க? எல்லாமே நல்ல பாட்டு. வீட்டுக்குக் கொண்டுபோயி ஆற அமரக் கேளுங்க."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்க குடுத்த சிடியெல்லாம் குருவி வெரட்ட அம்மா பாத்தியில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. எங்க வீட்ல சிடி பிளேயரே இல்லீங்க."