புதுக் கத்தி

"மாமாவுக்கு வலிக்கக் கூடாதுண்ணே." அன்டுவி விம்மிக்கொண்டே ஒரு சின்னக் கத்தியை நீட்டினான்.

அசாரே வாங்கிப் பார்த்தான். கைப்பிடி முழுக்க மீன் செதில் போல நுணுக்கமான செதுக்கல். ஓரத்தில் விரல் வைத்ததும் ரத்தம் எட்டிப் பார்த்தது.

கும்மாசி அரண்மனையில் அசாரேதான் தலைவெட்டி. வாளை ஓங்குவதற்கு முன்னால், குற்றவாளியின் ஒரு கன்னத்தில் குத்தி மறு கன்னம் வழியாகக் கத்தியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் அரசரின் பெரிய சத்தியத்தைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் வாள் நின்றுவிடும். அரசர் வழக்கை மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

இன்று வெட்டுப்பட இருப்பவர் போவாடு. அரசருக்குத் தங்கத்தூள் நிறுப்பவர், அன்டுவியின் தாய்மாமன். நேற்று விடிகாலையில் அவர் கட்டிலுக்கடியில், காணாமல் போன அரண்மனைத் தங்கம் அகப்பட்டது, பாதி மட்டும். உச்சி வேளைக்குள் தீர்ப்பாகிவிட்டது.

"தம்பி, உங்க மாமாவோட இருபது வருஷமா கள்ளு குடிச்சிருக்கேன். அந்த ஆளு ஒரு பொட்டுத் தங்கம் எடுத்திருக்க மாட்டாரு" என்றான் அசாரே. குரலைத் தாழ்த்தினான். "என் பழைய கத்தி மழுங்கினது. தோல்ல வழுக்கும். அந்த நேரம் அவருக்குப் போதும், சத்தியத்தைச் சொல்லிடுவாரு."

அன்டுவி அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டாருண்ணே! ராத்திரி எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு. எடுத்தது அவருதானாம். பொய்ச் சத்தியம் பண்ணினா குடும்பமே அழிஞ்சிடும்னு பயப்படுறாரு. மழுங்கல் கத்தியால குத்தி எதுக்கு அவரை நோகடிக்கணும்?"

இருபது வருஷப் பழக்கத்தில் தெரியாதது ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது. அசாரே பழைய கத்தியை மூலையில் எறிந்தான்.

முரசு அதிர்ந்தது. போவாடு நிமிர்ந்து நடந்து வந்தார். அசாரேவின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக வாயைத் திறந்தார்.

அலறப் போகிறார் என்று நினைத்தான் அசாரே. பழுத்த வாழைப்பழத்தில் இறங்குவது போல இறங்கியது கத்தி. போவாடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், வாள் இறங்கும் வரை.

சாயங்காலம் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு கொல்லன் பெம்பாவின் பட்டறைக்குப் போனான். அந்தச் செதுக்கல் வேறு யார் கைக்கும் வராது. இனி அந்தக் கத்தியைத் தொட அவனுக்கு மனமில்லை, செய்தவனிடமே கொடுத்துவிட நினைத்தான்.

"என்னய்யா, மூஞ்சி செத்துக் கிடக்கு? கத்தி வேலை செஞ்சுதா இல்லையா?" சிரித்தபடி துருத்தியை நிறுத்தினான் பெம்பா.

"செஞ்சுது. வலியே இருந்திருக்காது."

"பின்னே? அசாரே அண்ணனுக்குன்னு சொன்னதாலதான் இவ்வளவு இழைச்சேன். சும்மாவா, பத்து நாளா தினமும் வந்து 'ஆச்சா, ஆச்சா'ன்னு என் உசுரை எடுத்துட்டான்யா அந்த அன்டுவி!"