ஜெர்க்

“இன்னா சொன்னே? என் வண்டி ஜெர்க் அடிக்குதாமா?”

டீ கிளாஸை ணங்கென்று வைத்தான் வரதன்.

“நான் சொல்லலப்பா. உன் மச்சான் சின்னராசுதான் மேனேஜர்கிட்ட சொல்லிகினு இருந்தான். அதான் காலைலயே உன் வண்டிய ஒர்க் ஷாப்புக்கு அனுப்பிட்டாங்க” என்றான் வாட்ச்மேன் இருசப்பன்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல். இரண்டு அம்பாசிடர், இரண்டு டிரைவர்: வரதனும் சின்னராசுவும். இருவருமே டெம்பரவரி. ஒருத்தரைப் பெர்மனென்ட் ஆக்கப்போவதாக மேனேஜர் சொன்னதிலிருந்து வரதனுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னராசு சிரித்தால் வயிறு எரிந்தது. ஹிப்பிகளோடு அவன் இங்கிலீஷ் பேசினால் இன்னும் எரிந்தது. அவன் புதுச் சட்டை போட்டு வந்த அன்று வரதன் தன் வண்டியைத் துடைக்கவே இல்லை.

“மச்சான் மச்சான்னு தோள்ல கை போட்டுகினே குழி தோண்டிட்டான் பாத்தியா?”

“நேத்து இன்னாதான் ஆச்சு?”

“ஒண்ணியும் இல்ல. செங்கல்பட்டு ஸ்டேஷன்லேர்ந்து அந்த வெள்ளக்காரரையும் சம்சாரத்தையும் இட்டுகினு வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டினா, முன்னால இவன் வண்டி போவுது. நான் ஏன் அவன் பின்னாடி போவணும்? ஒரே அழுத்து, ஓவர்டேக் பண்ணேன். அங்க ஒரு பள்ளம். அவ்ளோதான்.”

“அந்தம்மா நெத்தியில பிளாஸ்திரி கீதே?”

“ரோடு அப்பிடி. ரோட்ட நானா போட்டேன்?”

இருசப்பன் பீடியைப் பற்றவைத்தான். “எறங்கினதும் அவரு தாம்தூம்னு குதிச்சாரு. ஜெர்க்கு ஜெர்க்குன்னு காதுல வுழுந்துச்சு. நீ வண்டிய நிறுத்தப் போயிட்ட. பின்னாலயே வந்த சின்னராசுதான் அவருகிட்ட பேசிகினு இருந்தான். அவரு ரூமுக்குப் போனப்புறம் மேனேஜர் வந்து, ‘எதுக்குய்யா கத்தினாரு?’ன்னு கேட்டாரு. ‘வண்டி ஜெர்க் அடிக்குதாம் சார், ஸ்பிரிங்கு போயிடுச்சு’ன்னான் இவன்.”

“பொய்! என் வண்டி தண்ணி மாதிரி போவும். வண்டி சரியில்லன்னா அத வெச்சுகினு கீறவன் சரியில்லன்னுதானே அர்த்தம்? என் பேரக் கெடுத்துட்டு அவன் பெர்மனென்ட் ஆவப் பாக்கறான்!”

நேராக ரிசப்ஷனுக்குப் போனான். லதா அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். கான்வென்டில் படித்த பெண். நேற்று லீவு.

“லதாம்மா, எழுந்து வா. அந்த வெள்ளக்காரரையே கேளு. வண்டி ஜெர்க் அடிச்சுதா, இல்லியா? அவரு சொல்றத அப்பிடியே மேனேஜர்கிட்ட வந்து சொல்லணும்.”

வண்டி கழுவிக்கொண்டிருந்த சின்னராசு ஈரக் கையோடு ஓடிவந்தான்.

“வேணாம் மச்சான், வுடு. உன் வண்டி வர்ற வரைக்கும் என் வண்டிய ஓட்டு. நான் வூட்டுல கெடக்கறேன்.”

“பயம் வந்துடுச்சா? சாயம் வெளுத்துடும்னு தெரியுது இல்ல?”

சின்னராசு கையைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தான்.

வெள்ளைக்காரர் வராந்தாவில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லதா கேட்டாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கார் ஓகே என்றார். பிறகு வரதனின் நெஞ்சை நோக்கி விரலை நீட்டி, “ஜெர்க்” என்றார்.

லதா தயங்கித் தயங்கி இன்னும் ஏதோ கேட்டாள். அவர் நிறையச் சொன்னார். நடுவில் சின்னராசு நின்ற பக்கம் கை காட்டினார்.

“பாத்தியா! கார் ஓகேன்னுட்டாரு! வா மேனேஜர்கிட்ட!”

லதா அசையவில்லை.

“வரதண்ணே, ஜெர்க்னா குலுக்கல், வெட்டி இழுக்கறதுன்னுதான் நானும் படிச்சிருக்கேன். இவங்க ஊர்ல ஆளைப் பார்த்தும் சொல்வாங்களாம்.”

“ஆளையா? ஆளப் பாத்து சொன்னா இன்னா அர்த்தம்?”

“மட்டமான ஆளு. அடுத்தவங்களுக்கு அடிபட்டாலும் கவலைப்படாத ஜென்மம்.” குரலைத் தாழ்த்தினாள். “உங்களை வேலையை விட்டே எடுக்கச் சொல்லணும்னுதான் நேத்து மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாராம்.”



“அப்ப சின்னராசு… அர்த்தம் தெரியாம மாத்திச் சொல்லிட்டானா?”

“சின்னராசண்ணனுக்கு நல்லாத் தெரியும். ‘அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன், அவன் பொழப்பு போயிடும்’னு இவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாராம். அதுக்கப்புறம்தான் இவர் கோபத்தை அடக்கிக்கிட்டு ரூமுக்குப் போனாராம்.”

அதற்குள் மேனேஜரே வராந்தாவுக்கு வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஒர்க் ஷாப்லேர்ந்து போன் வந்தது. ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்காம். வண்டியில ஒரு கோளாறும் இல்லையாம். ஏன்யா சின்னராசு, என்கிட்டயே பொய் சொல்றியா?”

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான்.

“வரதா, நீ சொல்லு. உன் வண்டி ஜெர்க் அடிக்குதா, இல்லையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சின்னராசு பொய்யன். வரதன் பெர்மனென்ட்.

வரதன் சின்னராசுவின் குனிந்த தலையைப் பார்த்தான்.

“வண்டி நல்லாத்தான் கீது சார். நான்தான் ஜெர்க்கு.”