கபுயே சார் போன் மாற்றிய வருஷம்

அந்த வருஷமும் ஒகிரோர் வாத்தியார் போனை மாற்றிவிட்டார்.

முகோனோ ஊரில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் விடுமுறை முடிந்து பிப்ரவரியில் திறந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒகிரோர் கையில் இருக்கும் புதுப் போனைத்தான். பார்த்து முடித்ததும் அத்தனை கண்ணும் துணைத் தலைமை ஆசிரியர் கபுயே பக்கம் திரும்பும்.

"நீங்க எப்ப சார் மாத்தப் போறீங்க?"

இந்தக் கேள்விக்காகவே கபுயே சார் விடுமுறை முழுக்கத் தயாராகி வருவார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஏழு வருஷத்துப் போனை எடுத்து மேஜை மேல் வைப்பார். பேச முடிகிறது, கேட்க முடிகிறது, அதற்கு மேல் மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை ஓயமாட்டார்.

அந்தப் போனில் பள்ளியின் வாட்ஸ்அப் குழு திறக்காது. அதனால் யார் வகுப்பை யார் பார்ப்பது, யார் வீட்டில் துக்கம், யாருக்குக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் தேநீர் இடைவேளையில் யாராவது அவர் மேஜைக்கு வந்து வாயால் சொல்லவேண்டும். பெரும்பாலும் நமுதேபி டீச்சர்தான் வருவார்.

தன் எளிமையை மதித்துத்தான் இத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்று கபுயே சார் மனசார நம்பினார். தோஹாவில் நர்ஸாக இருக்கும் மகள் ப்ரோஸியிடமும் அதைப் பெருமையாகச் சொன்னார்.

ப்ரோஸிக்கு அவர் குரல் பாதிதான் கேட்டது. அடுத்த வாரமே ஒரு புதுப் போன் வாங்கி அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் பெட்டி அலமாரியிலேயே கிடந்தது. திருப்பி அனுப்பப் போவதாகப் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். நாலாவது வாரம், உள்ளே சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போமே என்று பிரித்தார். சாயங்காலத்துக்குள் கொல்லையில் நின்ற வாழை மரங்களை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து முடித்திருந்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒரே கைதட்டல். நமுதேபி டீச்சர் அவரைக் குழுவில் சேர்த்துவிட்டார். இனிமேல் வந்து வந்து சொல்லும் வேலை மிச்சம் என்று ஒகிரோர் சிரித்தார்.

மிச்சம்தான். செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒகிரோருக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி போனில் வந்தது. ஒகிரோர் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து மந்தாசிப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். கபுயே சார் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். ஒகிரோர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை கூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போதுதான் கபுயே சாருக்கு உறைத்தது. மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வகுப்பில் பாடம் நடத்தியதைத் தவிர அன்று முழுக்க அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை காலம் தன்னைச் சுற்றி ஆள் சேர்த்தது தன் கொள்கை என்று நினைத்தோமே, அந்த ஓட்டைப் போன் அல்லவா சேர்த்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை, புதுப் போனில் குழு திறக்க மாட்டேன் என்கிறது என்று அறிவித்தார். புதுசு என்று சொல்லி எதையோ தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று நாலு வசவும் வைதார். கொடுங்கள் பார்க்கிறேன் என்று ஒகிரோர் கையை நீட்டினார். கபுயே சார் போனைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன சார், நான் சொல்றேன்" என்று நமுதேபி டீச்சர் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார். குழுவில் வந்ததையும் சொன்னார், குழுவில் எழுத முடியாததையும் சொன்னார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. விடிவதற்குள் எழுந்து கபுயே சார் எல்லாச் செய்தியையும் ஒன்றுவிடாமல் படித்துவிடுவார். பத்தரை மணிக்கு ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்து, "அப்படியா? எப்ப?" என்று கேட்பார். ஆச்சரியப்பட வேண்டிய சேதி என்றால் வரும் வழியிலேயே இரண்டு தடவை ஆச்சரியப்பட்டுப் பார்த்துக்கொள்வார்.

மறு பிப்ரவரி வந்தது. ஒகிரோர் மறுபடியும் போன் மாற்றியிருந்தார். எல்லோரும் கபுயே சாரைப் பார்த்தார்கள். வருஷா வருஷம் மாற்றி ஏமாறாதீர்கள், என் கதியைப் பாருங்கள் என்று அவர் தொண்டை வற்றப் பேசினார்.

கூட்டம் கலைந்ததும் ஒகிரோர் பக்கத்தில் வந்து, புதுப் போனில் எழுத்து எவ்வளவு பெரிசாகத் தெரிகிறது பாருங்கள் சார் என்று காட்டினார். முந்தின ராத்திரி குழுவுக்குத் தான் அனுப்பிய செய்தியை அழுத்தினார். அதைப் படித்தவர்களின் பட்டியல் திரையில் விரிந்தது.

வரிசையில் ஒரு பெயர்: கபுயே. காலை 5.40.

ஒகிரோர் நாக்கைக் கடித்துக்கொண்டு திரையை அணைத்தார். கபுயே சாருக்குக் காதுமடல் சுட்டது. இரண்டு கோப்பைத் தேநீரோடு நமுதேபி டீச்சர் அவர் மேஜையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"டீச்சருக்கு இது தெரியுமா?" என்று கபுயே சார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவங்கதான் சார் எனக்கே காட்டினாங்க. உங்க போன் 'கெட்டுப்போன' அன்னைக்கே."